பள்ளி நூலகத்துல வாழ்க்கை வரலாறு புத்தகங்களைக் கழிக்கணுமா? இந்த வரிசையில போங்க

நிறைய ஸ்கூல்ல நூலகத்துக்குன்னு தனி ஆள் கிடையாது. தமிழ் டீச்சர் கையிலயோ கணக்கு சார் கையிலயோ பீரோ சாவியைக் குடுத்து "கொஞ்சம் பார்த்துக்கங்க"ன்னு சொல்லிடுவாங்க, எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் "இடமே இல்ல, பழசையெல்லாம் கழிச்சு விடுங்க"ன்னு வாய்வார்த்தையா உத்தரவு வரும். 1995ல வந்த கம்ப்யூட்டர் புத்தகத்தை எடுத்தா யாரும் ஏன்னு கேக்கப் போறதில்ல. வாழ்க்கை வரலாறுன்னா அட்டையில ஒரு முகம் இருக்கு, அந்த முகத்துக்கு ஊர்ல மரியாதை இருக்கு, பின்னாடி கட்சி இருக்கு, சில ஊர்ல சாதியும் சேர்ந்து வந்து நிக்கும். அதனால பயந்துக்கிட்டு பாதிப் பேர் எதையுமே தொடாம விட்டுடறாங்க, மீதிப் பேர் மொத்தமா அள்ளி எடைக்குப் போட்டுட்டு அப்புறம் பதில் சொல்ல முடியாம முழிக்கிறாங்க.

யாரைப் பத்தின புத்தகம்ங்கிறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, உங்க கையில இருக்கிற அந்த ஒரு பிரதி எப்படி இருக்குன்னு மட்டும் பாருங்க. கீழ இருக்கிற எல்லாப் படியும் இதுக்குத்தான்.

1. யாரோட கையெழுத்து வேணும்னு முதல்ல கேளுங்க

புத்தகத்தைத் தொடுறதுக்கு முன்னாடி இதை முடிச்சிடணும். புத்தகம் பள்ளியோட சொத்து, இருப்புப் பதிவேட்டுல ஏறின பொருள், நீங்களோ தலைமையாசிரியரோ தனியா முடிவெடுத்து வெளிய அனுப்ப முடியாது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளின்னா கல்வி அலுவலக அனுமதி எந்த மட்டத்துல வேணும்னு தலைமையாசிரியர் மூலமா எழுத்துல கேட்டு, பதிலையும் எழுத்துல வாங்கி ஃபைல்ல வைங்க. தனியார் பள்ளின்னா நிர்வாகக் குழு தீர்மானம் வேணும். கேந்திரிய வித்யாலயா மாதிரி மத்திய அரசுப் பள்ளின்னா 2017 பொது நிதி விதிகள்ல 215ஆவது விதி இருக்கு, அதன்படி 20,000 புத்தகம் வரைக்கும் இருக்கிற நூலகத்தை வருஷா வருஷம் முழுசா எண்ணிச் சரிபார்க்கணும். மாநிலப் பள்ளிகளுக்கு அந்த விதி நேரா பொருந்தாது, ஆனா சரிபார்ப்பை முடிச்சிட்டு அப்புறம் கழிக்கிறதுங்கிற ஒழுங்கு எல்லாருக்குமே நல்லது.

இங்கயே ஒரு பொறி இருக்கு. காணாமப் போன புத்தகத்தையெல்லாம் கழிவுப் பட்டியல்ல சேர்த்து கணக்கை முடிச்சிடலாம்னு யாராவது யோசனை சொல்லுவாங்க, கண்டிப்பா ஒத்துக்காதீங்க. தொலைஞ்சது வேற கணக்கு, கழிச்சது வேற கணக்கு. கண்ணால பார்த்த புத்தகம் மட்டும்தான் கழிவுப் பட்டியல்ல வரணும், ஏன்னா நாளைக்கு ஆடிட்ல "இந்த 40 புத்தகத்தையும் நீங்க பார்த்தீங்களா"ன்னு கேட்டா பட்டியல்ல இருக்கிறது உங்க கையெழுத்துதான்.

2. குழு, அப்புறம் ஒரு பக்க விதிமுறை

நாலஞ்சு பேர் போதும்: தலைமையாசிரியர், நீங்க, ஒரு மொழி ஆசிரியர், ஒரு வரலாறு இல்லைன்னா அறிவியல் ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவுலயோ பெற்றோர் ஆசிரியர் கழகத்துலயோ இருந்து ஒருத்தர். அந்தக் கடைசி ஆளைத் தவிர்க்காதீங்க. வெளிய கேள்வி வரும்போது "எங்க பிள்ளைங்க ஸ்கூல், நானும் கூட இருந்து பார்த்தேன்"னு சொல்ல ஒரு பெற்றோர் இருந்தா பாதிப் பிரச்சினை அங்கயே முடிஞ்சிடும்.

விதிமுறையைப் புத்தகம் பார்க்கிறதுக்கு முன்னாடியே எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுடணும். பார்த்துட்டு எழுதினா அவங்கவங்களுக்குப் பிடிச்ச ஆளுக்குத் தகுந்தாப்ல விதி வளைஞ்சிடும். நாங்க அஞ்சே காரணம்தான் வெச்சோம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து:

கி: கிழிஞ்சது, பூச்சி அரிச்சது, பக்கம் இல்லாதது
த: தகவல் தவறு, திருத்த முடியாத அளவுக்கு
ப: பழசாயிடுச்சு, அதே ஆளைப் பத்தி நல்ல புத்தகம் கைவசம் இருக்கு
இ: ஒரே புத்தகத்தோட கூடுதல் பிரதி
சொ: பிள்ளைங்க கையில குடுக்கக் கூடாத சொல் வழக்கு

"யாரும் படிக்கிறதில்ல"ங்கிறதை தனிக் காரணமா வைக்கல. ஏன்னு நாலாவது படியில சொல்றேன்.

3. எல்லாத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வாங்க

வாழ்க்கை வரலாறு ஒரே தட்டுல இருக்காது. டியூயி எண் (புத்தகத்தைப் பாடவாரியா பிரிக்கிற எண்) போட்ட நூலகம்னா 920 வரிசையில கொஞ்சம் இருக்கும், விஞ்ஞானிங்க சிலர் 500 பக்கம் போயிருப்பாங்க, கிரிக்கெட் வீரர் 796ல விளையாட்டோட இருப்பாரு, கவிஞர்கள் இலக்கியத்துக்குள்ள ஒளிஞ்சிருப்பாங்க. எண்ணே போடாத நூலகம்னா பீரோ பீரோவா தேடணும். பரிசளிப்பு விழாவுக்கு வாங்கி மீந்து போன கட்டுகள், தலைமையாசிரியர் ரூம் கண்ணாடி அலமாரி, இதையும் விடாதீங்க. என் அனுபவத்துல நல்ல நிலைமையில இருக்கிற பிரதி அந்தக் கண்ணாடி அலமாரியிலதான் இருக்கும்.

எல்லாத்தையும் மேஜை மேல ஆள் வாரியா அடுக்குங்க. காந்தி ஒரு அடுக்கு, பாரதி ஒரு அடுக்கு, கலாம் ஒரு அடுக்கு. அடுக்கினதுமே நிலைமை புரிஞ்சிடும்: நாலஞ்சு பேருக்குக் கழுத்து வரைக்கும் உயரும், முத்துலட்சுமி ரெட்டிக்கு ஒரே ஒரு மெலிசான புத்தகம் இருக்கும், இல்லைன்னா அதுவும் இருக்காது. அந்த மேஜையை ஒரு போட்டோ எடுத்து வைங்க, கடைசிப் படிக்கு உதவும்.

4. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ரெண்டு நிமிஷம்

வேலையே இதுதான், அவசரப்படாதீங்க.

உடம்பு முதல்ல. நடுப்பக்கத்தைத் திறந்து ஒரு மூலையை லேசா மடிச்சுப் பாருங்க. பழுப்பேறின மட்டித் தாள்னா அப்பளம் மாதிரி ஒடியும், அதை பைண்டிங் பண்ணியும் பிரயோஜனம் இல்ல, தையல் போட்ட இடத்துலயே கிழியும். முதுகுப் பக்கம் தட்டினா பொடி கொட்டுதா, பக்கத்துக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு பாதை போட்ட மாதிரி ஓட்டை இருக்கான்னு பாருங்க. பூச்சி உயிரோட இருக்கிற புத்தகத்தை உடனே தனி பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டிடுங்க, முடிவு அப்புறம் பண்ணிக்கலாம், மத்த அடுக்குக்குப் பரவிடக்கூடாது. கரையான் மண் ஒட்டியிருந்தா புத்தகத்தை விட முதல்ல பீரோ பின்னாடி இருக்கிற சுவரைப் பாருங்க.

அடுத்து தேதி. பதிப்பு வருஷத்தைப் பார்த்துட்டு நேரா கடைசி அத்தியாயத்துக்குப் போங்க. வாழ்க்கை வரலாறு பழசாகுறது அங்கதான். கலாம் 2002லருந்து 2007 வரைக்கும் குடியரசுத் தலைவரா இருந்தாரு, 2015 ஜூலை 27ல ஷில்லாங்ல காலமானாரு, "இன்றும் மாணவர்களைச் சந்தித்து வருகிறார்"னு முடியுற புத்தகம் எத்தனையோ நூலகத்துல இன்னும் இருக்கு. ஆறாங்கிளாஸ் பிள்ளை அதை அப்படியே எழுதிட்டு வந்து நிக்கும். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்க் கதை இன்னும் மோசம், புற்றுநோயை ஜெயிச்சு ஏழு தடவை டூர் டி பிரான்ஸ் ஜெயிச்ச வீரர்னு தன்னம்பிக்கைப் புத்தகங்கள்ல அவருக்குத் தனி அத்தியாயமே இருக்கும், ஊக்க மருந்து விவகாரத்துல அந்த ஏழு பட்டத்தையும் 2012ல பறிச்சாச்சு. 2012க்கு முன்னாடி வந்த புத்தகத்துல அது இருக்க வழியே இல்ல. இதுக்கெல்லாம் 'த' போட்டு எடுத்துடலாம், யோசிக்க ஒண்ணுமில்ல.

எல்லாத் தப்புக்கும் புத்தகத்தை எடுக்கணும்னு இல்ல. பாரதியைத் திருவல்லிக்கேணி கோயில் யானை தள்ளி விட்டதுலயே அவர் இறந்துட்டாருன்னு சின்னப் பிள்ளைங்க புத்தகங்கள்ல பரவலா இருக்கும். நடந்தது அப்படியில்ல, அந்தக் காயத்துலருந்து தேறி, 1921 ஜூலை கடைசியில ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில வந்து பேசியிருக்காரு, செப்டம்பர்லதான் வயித்துக் கடுப்பு வந்து காலமானாரு. இப்ப உங்க கையில இருக்கிற புத்தகத்துல மத்த 60 பக்கமும் நல்லா இருந்து, இந்த ஒரு வரி மட்டும் தப்புன்னா ஒரு சின்னத் துண்டுத் தாள்ல சரியான தகவலை எழுதி அந்தப் பக்கத்துல ஒட்டிட்டு வெச்சுக்கங்க. அதே மாதிரி மதிய உணவைக் காமராஜர்தான் முதல்முதலா கொண்டு வந்தாருன்னு எழுதியிருக்கும். மாநிலம் முழுக்கக் கொண்டு போனது அவருதான், ஆனா 1920லயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில நீதிக்கட்சிக் காலத்துல அப்படி ஒரு திட்டம் தொடங்கியிருக்கு. இதுக்கும் துண்டுத் தாள் போதும். ஒட்டுறதுக்கு ஸ்டார்ச் பசை நல்லது, செலோடேப் மட்டும் வேண்டாம், ரெண்டு மூணு வருஷத்துல மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்னுடும்.

மூணாவது, சொல். ஹெலன் கெல்லர் புத்தகத்தைத் திறந்தா வரிக்கு வரி "குருடி, செவிடி, ஊமை"ன்னு இருக்கும். உங்க வகுப்புல காது கேக்காத ஒரு பிள்ளை உக்காந்திருக்கும்போது அதை சத்தமா வாசிக்கச் சொல்ல முடியுமா? அம்பேத்கர் புத்தகத்துலயும் பாருங்க, சில பழைய சிறுவர் நூல்கள் பரிதாபப்படுற தொனியில எழுதியிருக்கும், அவர் போராடின விஷயத்தை நாலு வரியில முடிச்சிட்டு சட்டம் எழுதினாருன்னு பாதிப் புத்தகம் போகும். நல்ல மாற்றுப் புத்தகம் கைக்கு வந்தப்புறம் இதுங்களை எடுங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம். மாற்று இல்லாம எடுத்தா அந்த ஆளே நூலகத்துல இல்லாமப் போயிடுவாரு.

கடைசியா, எத்தனை பேர் எடுத்துட்டுப் போயிருக்காங்க. பின்னட்டையில தேதி ஸ்லிப் இருந்தா பாருங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. வாழ்க்கை வரலாறு பள்ளியில படிக்கப்படுறது பேச்சுப் போட்டிக்காக. ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள் வந்தா காமராஜர் புத்தகத்துக்கு அடிதடி நடக்கும், அம்பேத்கர் பிறந்த நாளுக்கும் நவம்பர் 14க்கும் அதே கதை, பிள்ளைங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாம மேஜையிலயே உக்காந்து ரெண்டு பக்கம் எழுதிக்கிட்டுப் போயிடுவாங்க, ஸ்லிப்ல ஒரு தேதியும் ஏறாது. அதனால முடிஞ்சா கழிக்கப்போற வருஷம் முழுக்க "எடுத்த புத்தகத்தை அலமாரியில வைக்காதீங்க, மேஜையிலயே விட்டுடுங்க"ன்னு சொல்லி, சாயந்தரம் நீங்க அடுக்கும்போது பின்னட்டை உள்பக்கம் பென்சிலால ஒரு புள்ளி வைங்க. புள்ளி நிறைய இருக்கிற புத்தகம் கிழிஞ்சிருந்தா அதைக் கழிக்கிறதோட நிறுத்தாம புதுசு வாங்கியே ஆகணும்.

5. இதுங்களை மட்டும் தனி அட்டைப்பெட்டியில வைங்க

எவ்வளவு அழுக்கா இருந்தாலும் முதல் பார்வையில கழிக்கக் கூடாத சிலது இருக்கு. உள்ளூர்க்காரர் ஒருத்தரைப் பத்தி உள்ளூர் அச்சகத்துல அடிச்ச புத்தகம், நூத்தாண்டு விழா மலர், பள்ளி நிறுவனரோட வரலாறு, இதெல்லாம் வேற எங்கயும் கிடைக்காது. முதல் பக்கத்துல நூலாசிரியர் கையெழுத்து இருக்கான்னு பாருங்க, அன்பளிப்பு குடுத்தவங்க பேர் எழுதியிருக்கான்னும் பாருங்க. மாஸ்கோவுல முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் தமிழ்ல அச்சடிச்சு அனுப்பின சோவியத் காலப் புத்தகங்கள் நிறைய ஸ்கூல்ல மூலையில கிடக்கும், நாடே மாறிடுச்சேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, தேடி அலையுற ஆளுங்க இருக்காங்க, படங்களும் அவ்வளவு நல்லா இருக்கும்.

1960க்கு முன்னாடி அச்சான எதுவா இருந்தாலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட தமிழ் மின் நூலகத்துல பேரைப் போட்டுத் தேடுங்க. அங்க இல்லைன்னா சென்னை தரமணியில இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அட்டை, தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் மூணையும் போட்டோ எடுத்து அனுப்பிக் கேளுங்க. கேக்காம பார்சல் அனுப்பாதீங்க.

6. "எங்க தலைவர் புத்தகத்தை எடுத்துட்டாங்க"

இது வரும். வராம இருக்க என்ன செய்யணும்னு பாருங்க.

பட்டியல்ல ஆள் பேரை முதல் காலத்துல போடாதீங்க, சேர்க்கை எண்தான் (புத்தகம் நூலகத்துக்கு வந்தப்ப பதிவேட்டுல ஏத்தின எண்) முதல்ல வரணும். ஒவ்வொரு வரியிலயும் காரண எழுத்துக்குப் பக்கத்துல "இதே ஆளைப் பத்தி அலமாரியில மீதி இருக்கிறது எத்தனை"ன்னு ஒரு காலம் கட்டாயம் வைங்க. அந்த ஒரு காலம்தான் என்னைப் பலமுறை காப்பாத்தினது. "பெரியார் புத்தகம் ரெண்டு கழிச்சிருக்கீங்களே"ன்னு கேட்டு வந்தவர்கிட்ட, இன்னும் நாலு இருக்கு, கழிச்ச ரெண்டும் பூச்சி அரிச்சது, இதோ போட்டோன்னு காட்டினதும் பேச்சு முடிஞ்சிடுச்சு.

எதிர்ப்பக்கம் இருந்தும் அழுத்தம் வரும். சாக்கோட சாக்கா தனக்குப் பிடிக்காத தலைவர் புத்தகத்தையும் சேர்த்து எடுத்துடச் சொல்லி குழுவுலயே யாராவது கேப்பாங்க. அவங்க சொல்ற புத்தகத்துக்கு அஞ்சு காரணத்துல எது பொருந்துதுன்னு மட்டும் திருப்பிக் கேளுங்க. எதுவும் பொருந்தலைன்னா புத்தகம் அலமாரியிலதான் இருக்கும். இதுல நான் எந்த விட்டுக்கொடுத்தலும் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீங்க, ஒரு தடவை இடம் குடுத்தா அடுத்த வருஷம் வேற ஒருத்தர் வேற ஒரு பேரோட வந்து நிப்பாரு.

தேர்தல் அறிவிப்பு வந்த காலத்துலயும், தலைவர்கள் பிறந்த நாள், நினைவு நாளை ஒட்டியும் இந்த வேலையை வெச்சுக்காதீங்க.

7. முத்திரை, பதிவேடு, வெளிய அனுப்புறது

ஒப்புதல் கைக்கு வந்தப்புறம்தான் இது. சேர்க்கைப் பதிவேட்டுல குறிப்புக் காலத்துல சிவப்பு மையில "கழிவு", உத்தரவு எண், தேதி எழுதுங்க. வரியையே அடிச்சுடாதீங்க, அந்த எண்ணை இன்னொரு புத்தகத்துக்கும் குடுக்காதீங்க. புத்தகத்துல பள்ளி முத்திரை எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் பக்கத்துலயே "கழிவு செய்யப்பட்டது"ன்னு முத்திரை குத்தணும். நம்ம நூலகங்கள்ல தலைப்புப் பக்கத்தோட நடுவுல ஒரு ரகசியப் பக்கத்துலயும் முத்திரை இருக்கும், அந்தப் பக்க எண்ணைப் பழைய ஆளுங்ககிட்ட கேட்டு வெச்சுக்கங்க.

ரொம்ப முக்கியமான எச்சரிக்கை: முழுப் புத்தகமா பழைய பேப்பர்க் கடைக்குப் போடாதீங்க. ஒரு தலைவர் முகம் தெரியுற அட்டை, உள்ள உங்க பள்ளி முத்திரை, பக்கத்துல வடை மடிச்ச எண்ணெய்த் தாள், இதை யாராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டா நீங்க எவ்வளவு ஒழுங்கா வேலை செஞ்சிருந்தாலும் விளக்கம் சொல்லி மாளாது. நல்ல நிலைமையில இருக்கிற கூடுதல் பிரதியை ஒப்புதலோட பக்கத்து ஸ்கூலுக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ குடுத்து ரசீது வாங்குங்க. மட்டமானதை அட்டையைத் தனியா கழட்டி, முத்திரைப் பக்கத்தைக் கிழிச்சு, கட்டுக் கட்டி, கூழாக்குற காகித ஆலைக்கு எடுக்கிற வியாபாரியா பார்த்துப் போடுங்க. வர்ற பணத்தைப் பள்ளிக் கணக்குல கட்டி ரசீதை ஃபைல்ல வைங்க, பத்து ரூபாயா இருந்தாலும்.

தகவல் தப்புன்னு கழிச்ச புத்தகத்தை மட்டும் இன்னொரு ஸ்கூலுக்குத் தானமா குடுக்காதீங்க. நம்ம பிள்ளைக்கு ஆகாதது அந்தப் பிள்ளைக்கும் ஆகாது.

8. செலவும் நேரமும்

செலவு பெருசா இல்ல. முத்திரை 200 ரூபாய்க்குள்ள, ஒரு நீளப் பதிவேடு, பசை, கவர், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து எங்க ஊர் விலைக்கு 500 தாண்டாது. பைண்டிங் ஒரு புத்தகத்துக்கு 80லருந்து 150 வரைக்கும் கேக்கறாங்க, 60 ரூபாய்ப் புத்தகத்துக்கு 100 ரூபாய் பைண்டிங் பண்றதுக்கு முன்னாடி அது இன்னும் அச்சுல இருக்கான்னு விசாரிங்க. பழைய தாள் கிலோ பத்து, பதினஞ்சுக்கு மேல போகாது, அதை நம்பி எதுவும் திட்டம் போடாதீங்க.

நேரம்தான் நிறைய வேணும். 300 புத்தகத்துக்கு ரெண்டு நிமிஷம்னா 10 மணி நேரம், இடையில தேட வேண்டியது, கேட்க வேண்டியது தனி. ஆண்டுத் தேர்வு முடிஞ்ச ஏப்ரல் கடைசி நல்ல நேரம், எல்லாப் புத்தகமும் திரும்பி வந்திருக்கும். ஜூன்ல தொடாதீங்க, அட்மிஷன் வேலையில குழுவைக் கூட்டவே முடியாது. ஒப்புதல் வர்றதுக்கு சில மாசம்கூட ஆகலாம், அதுவரைக்கும் புத்தகங்களைக் கட்டி, மேல பட்டியல் நகலை ஒட்டி, பூட்டுற அறையில வைங்க. திறந்த வராண்டாவுல வெச்சா ஒப்புதல் வர்றப்ப எண்ணிக்கை குறைஞ்சிருக்கும்.

9. காலியான இடத்துக்கு என்ன வாங்குறது

மூணாவது படியில எடுத்து வெச்ச மேஜை போட்டோவை இப்ப வெளிய எடுத்துப் பாருங்க. எந்த அடுக்கு கழுத்தளவு இருந்துச்சோ அதுல மூணு பிரதி போதும்: தொடக்க வகுப்புக்கு ஒண்ணு, 6லருந்து 8க்கு ஒண்ணு, மேல்வகுப்புக்கு ஆழமா ஒண்ணு. மீதிப் பணம் இல்லாத ஆளுங்களுக்குப் போகணும். பெண் விஞ்ஞானிங்க, விளையாட்டு வீராங்கனைங்க, மாற்றுத்திறனாளிங்க, உங்க மாவட்டத்துக்காரங்க. கும்பகோணத்துலயோ ஈரோட்டுலயோ இருக்கிற ஸ்கூல்ல ராமானுஜனைப் பத்தி நல்ல புத்தகம் இல்லைன்னா அதுதான் முதல்ல வாங்கணும், பிறந்தது ஈரோடு, வளர்ந்தது கும்பகோணம்.

அரசுப் பள்ளிகளுக்கு சமக்ர சிக்ஷா (ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம்) நூலக மானியம் பள்ளி நிலையைப் பொறுத்து 5,000லருந்து 20,000 ரூபாய் வரைக்கும் வகைப்படுத்தியிருக்காங்க, எது வாங்கணும்னு உங்ககிட்ட கேக்கறப்ப பட்டியல் தயாரா இருக்கணும். நேஷனல் புக் டிரஸ்ட், சாகித்திய அகாதெமியோட இந்திய இலக்கியச் சிற்பிகள் வரிசை, மத்திய அரசு வெளியீட்டுப் பிரிவு, இதுங்க எல்லாம் விலை குறைவு. ஜனவரியில சென்னைப் புத்தகக் காட்சியில பத்து சதவீதம் தள்ளுபடி கிடைக்கும், மாவட்டப் புத்தகத் திருவிழாவுலயும் கிடைக்கும். வாங்குறதுக்கு முன்னாடி கடையிலயே கடைசி அத்தியாயத்தையும் பதிப்பு வருஷத்தையும் பாருங்க, பழைய புத்தகத்துக்குப் புது அட்டை போட்டு விக்கிறதும் உண்டு. ஆர்டரை மே மாசத்துக்குள்ள குடுத்துடுங்க, ஜூலை 15 பேச்சுப் போட்டிக்கு முன்னாடி சேர்க்கை எண் போட்டு அலமாரியில ஏறியிருக்கணும்.